அசலா, குளோனா? பழைய அமெரிக்க மசில் கார் வாங்கும்முன் எந்தச் சோதனை யாருக்கு ஒத்துவரும்

டெட்ராய்ட், டல்லாஸ், டொராண்டோ பக்கம் குடியேறிய நம்மவர்களில் சிலருக்கு வீட்டுக்கடன் ஓரளவு அடங்கியதும் ஓர் ஆசை வருகிறது. 1960களின் கடைசியிலோ 70களின் தொடக்கத்திலோ வந்த ஒரு மசில் கார் வேண்டும். விளம்பரம் ஒன்று கண்ணில் படுகிறது: ‘1970 செவெல் எஸ்எஸ் 454, நம்பர்ஸ் மேட்சிங்’. அதாவது செவர்லேயின் செவெல் கார், எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) பேக்கேஜ், 454 கன அங்குல எஞ்சின், அதுவும் வண்டியோடு பிறந்த எஞ்சினேதான் என்பது விற்பவரின் வாக்கு. வண்டி அம்சமாக இருக்கிறது. விற்பவரும் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அப்புறம் கேள்வி வருகிறது. எண்களை நாமே படித்துப் பார்த்தால் போதுமா, காசு கட்டி ரிப்போர்ட் வாங்க வேண்டுமா, நிபுணரை அனுப்ப வேண்டுமா, இல்லை பேசாமல் பெரிய ஏலத்திலேயே வாங்கிவிடலாமா?

பலரும் இதற்குத் தங்கள் பட்ஜெட்டை வைத்து விடை தேடுகிறார்கள். பட்ஜெட்டைவிட முக்கியமானது வண்டியைச் செய்த நிறுவனம் எது என்பது. சில நிறுவனங்களின் உற்பத்திப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன, சிலவற்றின் பதிவுகள் இல்லை. போண்டியாக் வாங்குபவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வழி செவர்லே வாங்குபவருக்கு இல்லவே இல்லை.

சாதாரணக் காரை விலை உயர்ந்த மாடல்போல மாற்றிய போலிகள், அதாவது குளோன்கள், ஏன் இவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மசில் கார் என்பதே சாதாரண நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்ற சமாச்சாரம். 1964-இல் போண்டியாக் ஜிடிஓ தொடங்கியதே அப்படித்தான்: டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் பேக்கேஜ், 389 கன அங்குல எஞ்சின். தொழிற்சாலையில் போல்ட் போட்டு மாட்டியதை ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தன் ஷெட்டிலும் மாட்டலாம். பேட்ஜ், பட்டை, பானட், டேஷ்போர்டு எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எண்கள் அடித்த தகடுகூடக் கிடைக்கிறது. செவெல்லின் சாதாரண வடிவமான மலிபுவுக்கும் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சினோடு பிறந்த எஸ்எஸ்ஸுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, ஆசை யாரைத்தான் விட்டது.

## எதை வைத்து அளப்பது

‘அசல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. விற்பவர்கள் இவற்றைக் கலந்து பேசுவார்கள், நாம் பிரித்துக் கேட்க வேண்டும்.

1. பிறப்பு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே இது எஸ்எஸ்ஸா, ஜிடிஓவா, கிரைஸ்லரின் ஹெமி எஞ்சின் வண்டியா?
2. எஞ்சின். இன்று பானட்டுக்குள் இருப்பது அன்று மாட்டியதேதானா? இல்லை, அதே காலத்து வேறு எஞ்சினா?
3. அடையாளம். டேஷ்போர்டில் இருக்கும் வின் தகடு (வண்டியின் அடையாள எண் அடித்த தகடு) இந்த உடலுக்கே உரியதா, வேறு வண்டியிலிருந்து வந்ததா?

முதல் இரண்டில் ஏமாந்தால் பணம்தான் போகும். மூன்றாவதில் ஏமாந்தால் வண்டியே போகலாம். அது எப்படி என்பதைக் கீழே நிபுணர் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்தச் சான்றைப் பொய்யாகச் செய்வது எவ்வளவு சுலபம், கைக்காசு எவ்வளவு ஆகும், நாளை நாம் விற்கும்போது அடுத்தவர் அதை ஏற்பாரா. கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நமக்கு நம்பிக்கை வந்தால் போதாது, அதைக் கைமாற்றிக் கொடுக்கவும் முடிய வேண்டும்.

## வழி 1: எண்களை நாமே படிப்பது

செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு டார்ச், சின்னக் கண்ணாடி, பழைய துணி, பிசுக்கு போக்கும் ஸ்ப்ரே போதும். பொறுமை வேண்டும், தரையில் படுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

இன்றைய 17 இலக்க வின் நம்பர் 1981-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. கிரைஸ்லர் குடும்பம் (டாட்ஜ், பிளிமத்) இதில் மிகத் தாராளம். வின் நம்பரின் ஐந்தாவது எழுத்தே எஞ்சின். 1970, 71-இல் அது ‘ஆர்’ என்றால் 426 ஹெமி, ‘வி’ என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440. ‘பிஎஸ்23ஆர்0பி’ என்று தொடங்கினால், 1970-இல் ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையில் செய்த, கூரை உள்ள பிளிமத் ஹெமி ‘குடா’. 23-க்குப் பதில் 27 இருந்தால் கன்வெர்ட்டிபிள்.

ஃபோர்டு வின்னிலும் எஞ்சின் எழுத்து உண்டு. ஆனால் ஜிடி பேக்கேஜ் இருந்ததா என்பது அதில் தெரியாது. போண்டியாக்கில் 1966 முதல் 71 வரை 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. 1964, 65-இலும் 1972-இலும் ஜிடிஓ வெறும் கூடுதல் பேக்கேஜ் என்பதால் வின் நம்பர் வாய் திறக்காது.

செவர்லேதான் தலைவலி. 1972-க்கு முன் அதன் வின் நம்பரில் எஞ்சின் வகை கிடையாது. ஆறு சிலிண்டரா எட்டா என்பது மட்டும் தெரியும். 1966 முதல் 68 வரை செவெல் எஸ்எஸ் 396-க்கு 138 என்ற தனித்தொடர் இருந்தது, நிம்மதி. 1969-இலிருந்து எஸ்எஸ் கூடுதல் பேக்கேஜ் ஆகிவிட்டது. 1970 எஸ்எஸ் 454 ஹார்ட்டாப்பும், பக்கத்து வீட்டுப் பாட்டி ஓட்டிய எட்டு சிலிண்டர் மலிபு ஹார்ட்டாப்பும் 13637 என்றே தொடங்கும்.

அதனால் நாமே படிப்பதன் பலம் பொய்யைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. 1970 செவெல்லின் வின் 135 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி. மேலே எத்தனை எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டினாலும் கதை முடிந்தது. 1965-66 மஸ்டங் ஜிடி ‘ஏ’ அல்லது ‘கே’ எஞ்சின் எழுத்தோடு மட்டுமே வந்தது. ‘சி’ எழுத்து உள்ள வண்டியை ஜிடி என்று விற்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஐந்து நிமிட வேலை. விற்பவரிடம் வின் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லி வீட்டிலிருந்தே பார்க்கலாம். படம் அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச எனக்குப் பொறுமை இல்லை.

எஞ்சினுக்கு வருவோம். செவர்லே வி8-இல் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். அங்கே இரண்டு குறிகள் அடித்திருப்பார்கள். ஒன்று, தொழிற்சாலை எழுத்து, மாதம், நாள், பிறகு எஞ்சின் வகைக்கான குறி. 454 எஞ்சின் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் செய்தது என்பதால் ‘டி’ என்று தொடங்கும். இன்னொன்று, வின் நம்பரின் ஒரு பகுதி. இந்த இரண்டாவது குறி ஜிஎம் வண்டிகளில் 1968 மாடலிலிருந்து வழக்கமானது. பிளாக்கை வார்த்த தேதி தனியாக வேறிடத்தில் இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். ‘சி 12 0’ என்றால் மார்ச் 12, 1970.

தேதிகள் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். வார்த்தது முதலில், எஞ்சினைக் கோர்த்தது பிறகு, வண்டி வெளிவந்தது கடைசியில். வண்டி எந்த மாதத்து எந்த வாரம் செய்தது என்பது ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவர்) உள்ள தகட்டில் இருக்கிறது. வண்டி மார்ச் மூன்றாம் வாரம் பிறந்து, எஞ்சினை ஏப்ரலில் கோர்த்ததாக எண் சொன்னால் அது அந்த வண்டியின் எஞ்சின் இல்லை.

இந்த இடத்தில்தான் கைவேலையும் நடக்கிறது. பழைய எண்ணைச் சீவிவிட்டு வேண்டிய எண்ணை அடித்துவிடுவார்கள். தொழிற்சாலையில் அந்தத் தட்டையை இயந்திரம் அறுத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் இருக்கும். சீவினால் அவை போய்விடும். ஆனால் எஞ்சினை நேர்மையாக ரிப்பேர் செய்யும்போது பிளாக்கின் மேற்பரப்பைச் சமன் செய்தாலும் கோடுகள் போகும். ஆகவே கோடு இல்லை என்றால் ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது, ஆதாரம் போய்விட்டது என்று சொல்லலாம். விலை பேசும்போது இரண்டும் ஒன்றுதான். ‘சிஇ’ என்று தொடங்கும் முத்திரை இருந்தால் அது உத்தரவாதக் காலத்தில் மாற்றிக் கொடுத்த பிளாக். நேர்மையான விஷயம், ஆனால் நம்பர்ஸ் மேட்சிங் கிடையாது.

எப்போது இது போதும்: கிரைஸ்லர் வண்டிகளின் பிறப்பை அறிய, எந்த வண்டியையும் முதல் சுற்றில் கழிக்க, விலை சாதாரண மாடலின் விலையை ஒட்டியே இருக்கும்போது.
மறைசெலவு: நம் கண்ணின் மேல் நமக்கே வரும் அதீத நம்பிக்கை. நாளை வாங்குபவர் ‘நானே பார்த்தேன்’ என்பதைச் சான்றாக ஏற்க மாட்டார்.

## வழி 2: தொழிற்சாலைப் பதிவை வரவழைப்பது

கிடைக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. செலவு சில பத்து டாலரிலிருந்து, எவ்வளவு விவரம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில நூறு வரை போகும். வண்டி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல் வின் நம்பரைக் கொடுத்து நாமே புதிதாக வரவழைக்க வேண்டும். ரிப்போர்ட்டையே திருத்தி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

| வண்டி | வின் நம்பர் தானே சொல்வது | பதிவு கிடைக்குமா |
|---|---|---|
| போண்டியாக், 1961 முதல் | 1966-71 ஜிடிஓ என்பது தெரியும், ‘ஜட்ஜ்’ பேக்கேஜ் தெரியாது | கிடைக்கும். பிஎச்எஸ் என்ற போண்டியாக் ஆவணச் சேவையில் தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகல் |
| ஃபோர்டு, மெர்க்குரி, 1967 முதல் | எஞ்சின் தெரியும், ஜிடி தெரியாது | கிடைக்கும். மார்ட்டி ரிப்போர்ட் (ஃபோர்டின் உற்பத்தித் தரவுத்தளத்திலிருந்து மார்ட்டி நிறுவனம் தருவது) |
| மஸ்டங் 1965-66 | எஞ்சின் தெரியும் | அந்தத் தரவுத்தளத்தில் இல்லை |
| ஷெல்பி மஸ்டங் | ஓரளவு | ஷெல்பி கிளப்பின் பதிவேடு உண்டு |
| டாட்ஜ், பிளிமத், 1968 முதல் | எஞ்சின், மாடல் இரண்டும் தெரியும் | வண்டிவாரியாகக் கிடைக்காது. காகிதம்தான் கதி |
| செவர்லே, அமெரிக்காவில் விற்றது | பெரும்பாலும் எதுவும் தெரியாது | கிடைக்காது |
| ஜிஎம் வண்டி, கனடாவில் புதிதாக விற்றது | மேற்படியே | ஜிஎம் கனடாவின் பழைய பதிவுகளில் உண்டு |

அட்டவணையின் கடைசி வரியை டொராண்டோவில் இருப்பவர்கள் கவனிக்கலாம். அமெரிக்காவில் விற்ற செவெல்லுக்கு எந்தப் பதிவும் இல்லாதபோது, கனடா டீலருக்குப் போன அதே செவெல் எந்தெந்தப் பேக்கேஜோடு வந்தது என்று ஜிஎம் கனடாவின் பதிவு சொல்லிவிடும். ஒரே வண்டி, ஒரே வருடம், எல்லைக்கு வடக்கே விற்றதால் சான்று மிஞ்சியிருக்கிறது. எஸ்எஸ்தான் வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும் என்பவர் கனடாவில் பிறந்த வண்டியைத் தேடிப் போவது நியாயமான உத்தி.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஜிஎம் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் ஒவ்வொரு வருட மாடலுக்கும் ஒரு தகவல் தொகுப்பு தருகிறது. அதில் அந்த வருடம் என்னென்ன எஞ்சின், என்னென்ன நிறம் என்ற பொது விவரம் இருக்கும். சிலர் அதை ஃபைலில் அழகாகக் கோர்த்து ‘ஜிஎம் டாக்குமென்ட் இருக்கிறது’ என்கிறார்கள். உங்கள் முன்னால் நிற்கும் வண்டியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

பதிவின் பலவீனம் ஒன்று உண்டு. அது வின் நம்பரைப் பற்றியது, வண்டியைப் பற்றியது இல்லை. துருப்பிடித்து மக்கிப்போன அசல் பாஸ் 302 (மஸ்டங்கின் அரிய வகை) ஒன்றின் வின் தகட்டைக் கழற்றி, நல்ல உடலுள்ள சாதாரண மஸ்டங்கில் பதித்துவிட்டால், மார்ட்டி ரிப்போர்ட் அப்போதும் ‘பாஸ் 302’ என்றே வரும். பிறப்புச் சான்றிதழ் அசல், ஆள்தான் வேறு. அதேபோல் பானட்டுக்குள் இருக்கும் எஞ்சின் பழையதேதானா என்பதற்கும் ரிப்போர்ட் பொறுப்பேற்காது. முதல் கேள்விக்கு முழு விடை கிடைக்கும், மற்ற இரண்டுக்கும் வழி 1 அல்லது வழி 4 தேவை.

எப்போது இது சரி: போண்டியாக்கும் 1967 முதல் வந்த ஃபோர்டும் வாங்கும் எல்லோருக்கும், விலை எதுவானாலும்.
மறைசெலவு: ரிப்போர்ட் உள்ள வண்டிக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்பார். சில பத்து டாலரில் நாமே வாங்கக்கூடிய தாளுக்காக ஆயிரக்கணக்கில் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. தாள் சொல்லும் விஷயத்துக்கு மட்டும் விலை கொடுங்கள்.

## வழி 3: வண்டியோடு வந்த காகிதங்கள்

செவர்லேக்கும் 1968 முதல் வந்த கிரைஸ்லருக்கும் பதிவு இல்லை என்றால், மிச்சம் இருப்பது வண்டியோடு பயணம் செய்த காகிதம். பில்ட் ஷீட் என்பது அசெம்பிளி லைனில் எந்த வண்டிக்கு எதை மாட்டுவது என்று தொழிலாளிகள் பார்த்துக்கொண்ட தாள். வேலை முடிந்ததும் அதைப் பெட்ரோல் டேங்க்கின் மேல், சீட் ஸ்பிரிங்குக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால் என்று எங்காவது செருகிவிட்டுப் போனார்கள். சிலது எலி கடித்தும் துருக்கறையோடும் இன்றும் கிடைக்கிறது. டேங்க்கைக் கழற்றும்போது அதன் மேல் ஒட்டிக்கிடக்கும் தாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

செவர்லே வண்டிகளுக்கு 1965 முதல் 72 வரை உத்தரவாதக் கையேட்டோடு ஓர் உலோகத் தகடு கொடுத்தார்கள். புரொடெக்ட்-ஓ-பிளேட் என்று பெயர். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் குறிகள் அதில் புடைப்பெழுத்தாக இருக்கும். இது தவிர ஜன்னலில் ஒட்டிய விலைத்தாள், டீலரின் பில், முதல் சொந்தக்காரரின் சர்வீஸ் ரசீதுகள்.

பிரச்சினை என்னவென்றால், இவை எல்லாவற்றையும் போலியாகச் செய்ய முடியும், செய்கிறார்கள். தகடும் அச்சாகிறது, தாளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கவும் தெரியும். ஆகவே ஒற்றைக் காகிதத்தைவிட ஒன்றோடொன்று பொருந்தும் காகிதக் கட்டு பெரிது. பில்ட் ஷீட்டில் உள்ள எஞ்சின் குறி பிளாக்கில் உள்ள குறியோடு ஒத்துப்போகிறதா? டீலர் பில்லில் உள்ள தேதி, வண்டி செய்த வாரத்துக்குப் பிந்தியதா? 1974-இல் யாரோ ஆயில் மாற்றிய அழுக்கு ரசீதில் ‘454’ என்று கையால் எழுதியிருந்தால், ஃபிரேம் போட்டு மாட்டிய விலைத்தாளைவிட எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். எஸ்எஸ்ஸுக்கு விலை ஏறாத காலத்தில் அதைப் பொய்யாக எழுத யாருக்கும் காரணம் இல்லை.

பழைய சொந்தக்காரரையும் தேடிப் பிடிக்கலாம். பெயர் ரசீதில் இருந்தால் ஒரு போன் செய்வதில் தப்பில்லை. கையில் வண்டியின் பழைய போட்டோ ஏதாவது இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அமெரிக்க மாநிலங்கள் தரும் டைட்டில் பத்திரத்தில் தயாரிப்பாளர், வருடம், வின் நம்பர் இருக்கும். அது உரிமைக்கான சான்று. வண்டி எஸ்எஸ்ஸாகப் பிறந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எப்போது இது சரி: செவர்லே, டாட்ஜ், பிளிமத்.
மறைசெலவு: காகிதத்தின் அசலைச் சோதிக்கவே ஒரு நிபுணர் தேவைப்படும். அது அடுத்த வழி.

## வழி 4: நிபுணரை அமர்த்துவது

இதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்த்து நூறு படம் எடுத்து, பிரேக், துரு, ஆயில் ஒழுக்கு எல்லாம் எழுதி அனுப்புபவர் ஒருவர். சில நூறு டாலரில் வேலை முடியும். வெளிமாநிலத்து வண்டிக்கு இது மிகவும் உபயோகம். ஆனால் ஹெமியையும் செவெல்லையும் பெராரியையும் ஒரே செக்லிஸ்ட்டில் பார்ப்பவரால் பிளாக்கில் அடித்த எண் அசலா என்று சொல்ல முடியாது.

இன்னொருவர் ஒரே ஒரு குடும்பத்து வண்டிகளில் ஊறியவர். எழுத்துருவின் வளைவு, ரிவெட்டின் வடிவம், வெல்டிங் புள்ளிகளின் இடைவெளி எல்லாம் அவருக்குக் கைப்பாடம். கட்டணமும் பயணச் செலவும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டலாம். தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அதற்குள் வண்டி விற்றுப்போகவும் கூடும்.

அவருக்குப் பணம் கொடுப்பதில் முக்கியமான லாபம் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. வின் நம்பரின் பகுதி டேஷ்போர்டில் மட்டும் இல்லை, உடலிலும் மறைவாக அடித்திருக்கும். 1968 முதல் வந்த செவர்லே கமாரோவில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஃபயர்வாலில். கிரைஸ்லரில் ரேடியேட்டர் சப்போர்ட்டிலும் டிக்கி ஓரத்திலும். மஸ்டங்கில் எஞ்சின் அறையின் பக்கச் சுவரில், ஃபெண்டர் விளிம்புக்கு அடியில். எங்கே பார்ப்பது, அந்த இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? வின் தகட்டை மாற்றுவது அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி குற்றம், மாநிலச் சட்டங்கள் வேறு இருக்கின்றன. கான்சாஸில் ஒருவர் 1959 கார்வெட் ஒன்றை வாங்கிப் பதிவு செய்யக் கொண்டுபோனார். பழுதுபார்த்தபோது யாரோ வின் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். திருட்டு வண்டி இல்லை, வாங்கியவர் மேல் தப்பும் இல்லை. ஆனாலும் போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்தது, அழிக்க வேண்டும் என்று வழக்கு நடந்தது. வண்டியை மீட்க அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2022-இல் மாநிலச் சட்டமே திருத்தப்பட்டது. மற்ற மாநிலங்களில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. தகட்டின் ரிவெட் சந்தேகமாக இருந்தால் என்ன விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

எப்போது இது சரி: ‘அசல்’ என்ற சொல்லுக்காக மட்டும் நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகை நிபுணரின் கட்டணத்தைப்போலப் பல மடங்கு இருக்கும்போது. எல்எஸ்6, ஹெமி, இசட்/28, பாஸ் 429, ராம் ஏர் IV போன்ற அரிய, விலை உயர்ந்த வகைகளுக்கெல்லாம் கட்டாயம்.
மறைசெலவு: விற்பவரே ஏற்பாடு செய்த நிபுணர். அறிக்கை யார் பெயருக்கு எழுதியது என்று பாருங்கள்.

## வழி 5: ஏலமும் பெரிய ஷோரூமும்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தனிச் சோதனையாகக் கணக்கில் எடுப்பதே தப்பு. பெரிய ஏலத்தில் பெரிய விலை போகிறது என்பது உண்மை. 1971 ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வருடத்தில் அந்த வகை 11 மட்டுமே செய்யப்பட்டது என்பதால், ஒவ்வொன்றின் வரலாறும் துறைக்காரர்களுக்கு அத்துப்படி. அந்தப் பாதுகாப்பு வெள்ளிக்கிழமை மதியம் மேடையேறும் நாற்பதாயிரம் டாலர் செவெல்லுக்கு இல்லை. பட்டியலில் உள்ள வர்ணனை பொதுவாக விற்பவர் சொன்னது. ஏல நிபந்தனைகளைப் படித்தால் ‘இருக்கும் நிலையில்’ என்ற சொல்லோடு பொறுப்பு கைகழுவப்பட்டிருக்கும். வாங்குபவர் கமிஷன் வேறு தனி.

மேடையேறும் முன் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள், அப்போது டார்ச்சோடு போய் வழி 1-ஐச் செய்யலாம். செய்ய நேரம் இல்லாதவர் ஏலத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது.

## வழி 6: குளோன் என்று தெரிந்தே வாங்குவது

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போக வேண்டும், 454-இன் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால், மலிபு உடலில் நல்ல கைவேலையாகச் செய்த குளோன் அந்த ஆசையைப் பூரணமாகத் தீர்க்கும். எஞ்சின் பழுதானால் இன்னொன்றை மாட்டலாம், மதிப்புக் குறையும் பயம் இல்லை. டிஸ்க் பிரேக், ஏசி, ஐந்து கியர் என்று மனம்போல் மாற்றலாம். அசல் எல்எஸ்6 வைத்திருப்பவர் மழை வந்தால்கூட வண்டியை எடுக்கமாட்டார்.

குளோனில் சோதிக்க வேண்டியதும் உண்டு. அடையாளக் கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது. மலிபுவாக இருந்தாலும் வின் தகடு அந்த உடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். அப்புறம், ஆறு சிலிண்டர் வண்டியில் பெரிய எஞ்சினை இறக்கியவர் பிரேக், ஸ்பிரிங், ரேடியேட்டர், பின் ஆக்ஸில் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினாரா? பல குளோன்களில் காசு முழுதும் பெயின்டிலும் பேட்ஜிலும் போயிருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறைசெலவு: விற்கும்போது வாங்குபவர் குறைவு. காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு குளோன் விலைக்கே நிற்கும். விற்பனைப் பத்திரத்தில் ‘தொழிற்சாலை எஸ்எஸ் அல்ல’ என்று எழுதிவிடுங்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

## கடைசியில், அந்த 1970 செவெல்

முதலில் வின் படம். 136 என்று தொடங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தொடங்கினால் வண்டி முதலில் கனடாவில் விற்றதா என்று கேளுங்கள். ஆம் என்றால் பதிவை வரவழைத்து முதல் கேள்வியைச் சில நாளில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் விற்றது என்றால் பில்ட் ஷீட்டோ, புரொடெக்ட்-ஓ-பிளேட்டோ, பழைய ரசீதுக் கட்டோ கேளுங்கள். எதுவுமே இல்லை, ஆனால் எஞ்சினில் வின் பகுதி பொருந்துகிறது என்கிறாரா? செவெல் தெரிந்த நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சோதனையில் எண்கள் ஒத்துவராவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இவற்றில் எதுவும் நடக்கவில்லை, வண்டியோ மனதைப் பிடித்துக்கொண்டது என்றால், 454 மாட்டிய மலிபு என்ன விலைக்குப் போகுமோ அந்த விலையைச் சொல்லுங்கள். பன்னிரண்டு போல்ட் பின் ஆக்ஸில், வட்ட மீட்டர் டேஷ்போர்டு என்றெல்லாம் விற்பவர் அடுக்குவார். எல்லாம் மலிபுவிலும் மாட்டக்கூடியவைதான், அவற்றுக்காக விலையை ஏற்ற வேண்டாம்.